கெடு தாண்டிய பாக்கி: ஆளா, மென்பொருளா, ஃபேக்டரிங்கா, வக்கீலா?

விற்பனை நன்றாக நடக்கிறது, லாபக் கணக்கும் சரியாக இருக்கிறது, ஆனால் சம்பளத் தேதி வந்தால் வங்கிக் கணக்கில் பணமில்லை. இந்த நிலைக்கு வந்த நிறுவனத்தின் முன்னால் நான்கைந்து யோசனைகள் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். வசூலுக்கென்றே ஓர் ஆளைப் போடலாம் என்பார் கணக்காளர். நினைவூட்டல் அனுப்பும் மென்பொருள் வாங்கலாம் என்பார் இன்னொருவர். சீக்கிரம் கட்டுவோருக்குத் தள்ளுபடி கொடுக்கலாம். பில்களை ஃபேக்டரிங் நிறுவனத்திடம் ஒப்படைத்து இன்றே பணம் வாங்கலாம். பேசாமல் வக்கீல் நோட்டீஸ் விடலாம். ஒவ்வொன்றும் ஓரிடத்தில் பலிக்கும், இன்னோரிடத்தில் இருக்கும் காசையும் கரைக்கும். வாடிக்கையாளர் ஏன் கட்டவில்லை என்பது தெரிந்தால்தான் எது எங்கே பலிக்கும் என்று சொல்ல முடியும். பெரும்பாலானோர் அதைக் கேட்காமலேயே வழியைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள்.

முதலில், இதற்காக எவ்வளவு செலவழிக்கலாம் என்று பார்த்துவிடுவோம். ஆண்டுக்கு 3.65 கோடிக்குக் கடனில் விற்கும் நிறுவனத்தை எடுத்துக்கொண்டால், நாளொன்றுக்கு விற்பனை ஒரு லட்சம். வரவேண்டிய பாக்கி 75 லட்சம் நிற்கிறது என்றால், விற்ற காசு கைக்கு வரச் சராசரியாக 75 நாள் ஆகிறது. அதை 60 நாளாகக் குறைத்தால் 15 லட்சம் விடுபடும். அந்த நிறுவனம் 12 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கித் தொழிலை ஓட்டுகிறது என்றால், ஆண்டுக்கு 1.8 லட்சம் வட்டி மிச்சம். 15 நாளைக் குறைப்பதற்காக ஆண்டுக்கு நான்கு லட்சம் கேட்கும் திட்டம் எதுவாக இருந்தாலும், வட்டிக் கணக்கை மட்டும் வைத்து அதை நியாயப்படுத்த முடியாது. வாராக்கடனைச் சேர்த்தால் கணக்கு மாறும். 5 சதவீத லாபத்தில் ஓடும் தொழிலில் ஒரு லட்சம் மூழ்கிப்போனால், அதை ஈடுகட்ட 20 லட்சத்துக்குப் புதிதாக விற்றாக வேண்டும். போதாததற்கு, பல நாடுகளில் விற்பனை மீதான வரியை, பணம் வந்ததா இல்லையா என்று பாராமல், பில் போட்ட மாதத்தை வைத்தே செலுத்த வேண்டியிருக்கிறது. வராத பணத்துக்கு வரி கட்டும் எரிச்சலை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

இந்தச் சராசரி நாள் கணக்கை மட்டும் நம்பிவிடவும் கூடாது. மாதக் கடைசியில் பெரிய விற்பனை ஒன்று நடந்தால், யாரும் தாமதிக்காமலேயே அந்த எண் ஏறிவிடும். பாக்கியை வயதுவாரியாகப் பிரித்த பட்டியல்தான் உண்மையைச் சொல்லும்: கெடுவுக்குள் இருப்பது, கெடு தாண்டி 30 நாள் வரை, 60 வரை, 90 வரை, அதற்கும் மேல். இந்தப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ‘காரணம்’ என்று ஒரு பத்தி சேர்க்க வேண்டும். வழக்கமாகக் காரணங்கள் நான்கிற்குள் அடங்கிவிடும்: பில் வாடிக்கையாளரின் அலுவலகத்தில் எங்கோ சிக்கி நிற்கிறது, பில்லிலோ சரக்கிலோ தகராறு இருக்கிறது, அவரிடம் பணம் இல்லை, பணம் இருந்தும் கொடுக்க மனமில்லை. கடைசி வகைதான் அதிகம் என்று நினைத்துக் கோபப்படுவது மனித இயல்பு. பட்டியலை எழுதிப் பார்த்தால் முதல் இரண்டும் சேர்ந்து எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன என்பது புரியும்.

பில் எப்படிச் சிக்குகிறது என்பதைச் சற்றுக் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஓரளவு பெரிய நிறுவனங்களில் கணக்குப் பிரிவு மூன்று தாள்களை ஒப்பிட்ட பிறகே பணம் அனுப்பும்: கொள்முதல் ஆணை, சரக்கு வந்து சேர்ந்ததற்கான கிடங்கு ரசீது, நீங்கள் அனுப்பிய பில். ஆணையில் 500 பெட்டி, கிடங்கு ரசீதில் 480, பில்லில் 500. அந்த 20 பெட்டி இரண்டாவது வண்டியில் மறுநாளே போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் அதைப் பதிவு செய்ய வேண்டியவர் விடுப்பில் இருந்திருப்பார். மூன்று எண்களும் பொருந்தாததால் பில் தனிக் கோப்புக்குப் போய்விடுகிறது. யாரும் மறுக்கவில்லை, யாரும் ஏற்கவும் இல்லை. நீங்கள் அனுப்பும் நினைவூட்டல் மின்னஞ்சல் வாங்கிய பிரிவின் மேலாளருக்குப் போகிறது. தன் வேலை முடிந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். இப்படிப்பட்ட பில்லுக்குத் தள்ளுபடி அறிவித்தும் பயனில்லை, வட்டி மிரட்டல் விட்டும் பயனில்லை. வேண்டியது அந்தத் தனிக் கோப்பைத் திறக்க வைக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு.

ஆள் வைப்பது

அதனால்தான் ஆளைப் போடும் யோசனையை நான் முதலில் வைக்கிறேன். ‘பாக்கி எப்போது தருவீர்கள்’ என்று கெடு முடிந்த பிறகு கேட்பதற்கு மட்டும் ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைத்தால் அது வீண். அழைப்பு கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே போக வேண்டும். கேள்வியும் வேறு மாதிரி இருக்க வேண்டும்:

“சார், பில் எண் 412 உங்கள் கணக்குப் பிரிவுக்கு வந்து சேர்ந்துவிட்டதா? கிடங்கு ரசீதோடு பொருந்திவிட்டதா? 25ஆம் தேதி பட்டுவாடாப் பட்டியலில் இருக்கிறதா?”

இந்த மூன்றில் எங்காவது ‘இல்லை’ என்று பதில் வந்தால், கெடு முடிவதற்குள் அதைச் சரி செய்ய அவகாசம் இருக்கிறது. கெடு முடிந்து 40 நாள் கழித்து இதே பதில் வந்தால், பில்லைத் திருத்தி மறுபடி அனுப்ப, அந்தத் தேதியிலிருந்து புதிதாக 30 நாள் எண்ணத் தொடங்குவார்கள். இது கடன் கேட்கும் அழைப்பாகவும் இருக்காது. யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

யார் அழைப்பது என்பதில் எப்போதும் இழுபறி உண்டு. விற்பனையாளருக்கு வாடிக்கையாளரை நன்றாகத் தெரியும். ஆனால் அடுத்த ஆர்டர் கேட்கப் போகும் வாயால் பழைய பாக்கியைக் கேட்க அவருக்கு வராது. கணக்காளருக்கு அந்தக் கூச்சம் இல்லை; ஆனால் எதிர்முனையில் யாரைப் பிடிக்க வேண்டும் என்று தெரியாது. என் கணிப்பில், கெடு வரைக்கும் கணக்காளரும், தகராறு என்று வந்தால் விற்பனையாளரும் பேசுவதே சரி. அத்தோடு விற்பனையாளரின் கமிஷனை, பில் போட்டவுடன் கொடுக்காமல், பணம் வந்த பிறகு கொடுத்தால் அவருடைய கூச்சம் வியக்கத்தக்க வேகத்தில் மறைந்துவிடும்.

இந்த வழியின் குறை எண்ணிக்கை. 40 வாடிக்கையாளர்களை ஒருவர் பார்த்துக்கொள்வார். 2,000 பேர் என்றால் முடியாது.

மென்பொருள்

அங்கேதான் நினைவூட்டல் மென்பொருள் வருகிறது. சிறுசிறு தொகை, ஏராளமான வாடிக்கையாளர்கள், பில்லில் சிக்கல் குறைவு, மறதியே முக்கியக் காரணம் என்ற நிலையில் இதற்கு ஈடு வேறில்லை. அலுக்காமல், கோபப்படாமல், மறக்காமல் அனுப்பிக்கொண்டிருக்கும். மின்னஞ்சலிலேயே பணம் கட்டும் இணைப்பையும் பில் நகலையும் வைத்துவிட்டால், ‘பில் கிடைக்கவில்லை, திரும்ப அனுப்புங்கள்’ என்ற பழைய சாக்கும் போய்விடும்.

ஆனால் வாங்குவதற்கு முன் உங்கள் வரவுப் பதிவு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று பாருங்கள். வாடிக்கையாளர் ஐந்து பில்லுக்குச் சேர்த்து ஒரே தொகையாக அனுப்புகிறார். வங்கியில் பணம் வந்துவிட்டது. எந்த பில்லுக்கு எவ்வளவு என்று இங்கே யாரும் பதியவில்லை. மென்பொருள் தன் கடமையைச் செய்யும்: கட்டிய மனிதருக்கு மூன்று நாளுக்கொரு முறை ‘உங்கள் பாக்கி’ என்று எழுதும். ஒழுங்காகக் கட்டுபவரை எரிச்சலூட்ட இதைவிடச் சிறந்த வழியை நான் பார்த்ததில்லை. இன்னொன்று, ஒரே மாதிரியான மின்னஞ்சல் நான்காவது முறை வரும்போது அதை யாரும் திறப்பதில்லை. முதல் இரண்டை இயந்திரம் அனுப்பட்டும்; மூன்றாவது நினைவூட்டல் மனிதக் குரலாக இருக்கட்டும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது உண்மைதான், ஆனால் அழுகை ஒலிப்பதிவு என்று தெரிந்துவிட்டால் யாரும் எழுந்து வருவதில்லை.

தள்ளுபடியும் தாமத வட்டியும்

‘10 நாளில் கட்டினால் 2 சதவீதம் தள்ளுபடி, இல்லையென்றால் 30 நாளில் முழுத்தொகை’ என்பது உலகெங்கும் புழங்கும் நிபந்தனை. வெறும் 2 சதவீதம்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டால், 98 ரூபாயை 20 நாள் முன்னதாகப் பெறுவதற்கு 2 ரூபாய் கொடுக்கிறீர்கள். அதை ஆண்டு வட்டியாக மாற்றினால் ஏறக்குறைய 37 சதவீதம். தொழில் கடனுக்கு வங்கிகள் வழக்கமாக இவ்வளவு கேட்பதில்லை.

பாடப்புத்தகக் கணக்கு இத்தோடு நின்றுவிடும். நடப்பில் 30ஆம் நாள் யார் கட்டுகிறார்கள்? உங்கள் வாடிக்கையாளர் வழக்கமாக 90ஆம் நாள்தான் கட்டுவார் என்றால், அந்த 2 ரூபாய் 80 நாளை வாங்கித் தருகிறது, ஆண்டுக்கணக்கில் 9.3 சதவீதம்தான். அதே தள்ளுபடி ஒழுங்கானவரிடம் கொள்ளை நஷ்டம், தாமதக்காரரிடம் மலிவான கடன். சங்கடம் என்னவென்றால், பொது அறிவிப்பாகக் கொடுத்தால் முதலில் ஓடி வந்து எடுத்துக்கொள்பவர் எப்படியும் 30ஆம் நாள் கட்டியிருக்கக்கூடியவர். தாமதக்காரரில் ஒரு பகுதியினர் 45ஆம் நாள் கட்டிவிட்டு 2 சதவீதத்தையும் கழித்துக்கொள்வார்கள். அந்தச் சிறு தொகைக்காக யார் சண்டை போடுவது என்று நீங்களும் விட்டுவிடுவீர்கள். ஆகவே தள்ளுபடி என்றால் குறிப்பிட்ட சிலருக்கு, குறிப்பிட்ட பில்லுக்கு, தனியாகப் பேசிக் கொடுப்பதுதான் பொருந்தும். விலைப்பட்டியலின் அடியில் அச்சடிப்பதற்கு அது ஏற்றதல்ல.

தாமத வட்டிக்குச் சில இடங்களில் சட்டத்தின் பலம் இருக்கிறது. பிரிட்டனில் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு வட்டி பேசியிருக்காவிட்டால், அந்நாட்டு மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டிக்கு மேல் 8 சதவீதம் கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நெறிமுறை ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்துக்கு மேல் குறைந்தது 8 சதவீதப் புள்ளியையும், வசூல் செலவுக்காகக் குறைந்தபட்சம் 40 யூரோவையும் உறுதி செய்கிறது. இந்தியாவின் 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் இன்னும் கடுமையானது: எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டியாக. இவ்வளவு இருந்தும் சிறிய நிறுவனங்கள் இந்த உரிமையை எடுக்கத் தயங்குகின்றன. அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற பயம். வட்டியைப் பில்லில் நிபந்தனையாக எழுதி வைத்து, தாமதமானதும் கணக்கில் ஏற்றி, அசல் வந்தவுடன் ‘இம்முறை வட்டியைத் தள்ளிவிடுகிறோம்’ என்று சொல்வதே பலர் கையாளும் உத்தி. பேரம் பேசக் கையில் ஏதாவது இருக்க வேண்டுமல்லவா, அதற்கு இது போதும்.

யாரும் பட்டியலில் சேர்க்காத ஒன்று

சரக்கை நிறுத்துவது. கெடு தாண்டி இத்தனை நாள், அல்லது கடன் வரம்பு இவ்வளவு, அதற்கு மேல் புதிய சரக்கு போகாது என்ற விதி. செலவே இல்லாதது, பணம் இருந்தும் கொடுக்காதவர்களிடம் இதைவிடக் கூர்மையான ஆயுதமும் இல்லை. விற்பனைப் பிரிவு அலறும் என்பதற்காகவே இது ஆலோசனைக் கூட்டங்களில் பேசப்படுவதில்லை. விதி முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும், எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், நிறுத்துவதற்கு முன் ஒரு முறை சொல்ல வேண்டும். ‘கணினி ஆர்டரை ஏற்க மறுக்கிறது, பழைய பில் தீர்ந்தால் தானாக விடுபடும்’ என்று விற்பனையாளர் சொல்லிக்கொள்ளலாம். பழி இயந்திரத்தின் மேல் போய்விடும். உங்கள் சரக்குக்கு மாற்று எளிதில் கிடைக்கும் என்றால் மட்டும் இது எடுபடாது.

ஃபேக்டரிங்

பில்லை ஒரு நிதி நிறுவனத்திடம் விற்று, தொகையில் 70 முதல் 90 சதவீதம் வரை உடனே பெற்று, வாடிக்கையாளர் கட்டிய பிறகு மீதியைக் கட்டணம் கழித்துப் பெறுவது ஃபேக்டரிங். பல இடங்களில் இதை வசூல் முறை போல விற்கிறார்கள். இது கடன் வாங்கும் முறை. உங்கள் வாடிக்கையாளரின் நாணயத்தை அடகு வைத்துப் பணம் வாங்குகிறீர்கள், அவ்வளவுதான். அந்தத் தெளிவோடு போனால் ஏமாற்றமில்லை.

விலையை லாப விகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பில் தொகையில் மாதம் 2 சதவீதம் கட்டணம், வாடிக்கையாளர் 60 நாளில் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 100 ரூபாய் பில்லில் 4 ரூபாய் போயிற்று. 25 சதவீத லாபத்தில் விற்பவர் அதைத் தாங்குவார். அந்தப் பணத்தைக் கொண்டு அடுத்த ஆர்டரைச் செய்ய முடிந்தால் லாபம்கூட. 5 சதவீதத்தில் ஓடுபவருக்கு மிஞ்சுவது ஒரு ரூபாய். வளரும் நிறுவனத்துக்கு, ஆர்டர் இருந்தும் கச்சாப்பொருள் வாங்கக் காசில்லாதவருக்கு, இது சரியான வழி. தேங்கி நிற்பவருக்கு இது மெல்லச் சுருக்கும் கயிறு: முதல் மாதம் ஒரு பெரிய தொகை கைக்கு வரும், பிறகு ஒவ்வொரு மாதமும் அதை அப்படியே தக்கவைக்கக் கட்டணம் போய்க்கொண்டே இருக்கும்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது, வாடிக்கையாளர் கட்டாவிட்டால் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு உங்களுடையதா என்பது. அப்படியென்றால் வாராக்கடன் ஆபத்து உங்களிடமே இருக்கிறது. பொறுப்பு அவர்களுடையது என்றால் கட்டணம் கூடும். அப்போதும், தகராறில் இருக்கும் பில் பெரும்பாலும் விலக்கு. கடன் காப்பீட்டிலும் இதே கதைதான்: வாடிக்கையாளர் திவாலானால் தருவார்கள், சரக்கு மோசம் என்று அவர் சண்டை போட்டால் தீர்ப்பு வரும்வரை தர மாட்டார்கள். ஆக, முதலில் பேசிய அந்த 20 பெட்டிச் சிக்கலை எந்த நிதி நிறுவனமும் உங்களிடமிருந்து விலைக்கு வாங்கிக்கொள்ளாது.

பெரிய வாங்குபவரே ஏற்பாடு செய்து, சப்ளையருக்கு வங்கி மூலம் கெடுவுக்கு முன்பே பணம் தரும் முறையும் உண்டு. சரக்கு வாங்குபவரின் கடன் மதிப்பைப் பொறுத்து வட்டி அமைவதால் மலிவாக இருக்கும். 2018 ஜனவரியில் திவாலான பிரிட்டன் கட்டுமான நிறுவனம் கரிலியன் இதற்கு மறுபக்கத்தைக் காட்டியது. சப்ளையர்களுக்கு 120 நாள் கெடு வைத்துவிட்டு, அதற்கு முன் வேண்டுமானால் கழிவு போக வங்கி வழியாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றது. உரிய காலத்தில் பணம் தருவோம் என்ற தன்னார்வ நெறிமுறையில் கையெழுத்திட்டிருந்த நிறுவனம் அது. கெடுவை ஒருவர் நீட்டிக்கொண்டே போகிறார் என்றால், அது பேரம் பேசும் வலிமையின் அடையாளமாகவும் இருக்கலாம், மூச்சுத் திணறலாகவும் இருக்கலாம். வசூல் பட்டியலைப் பார்ப்பவர் இரண்டாவதையும் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

வசூல் ஏஜென்சி, வக்கீல்

உறவு முடிந்துவிட்டது என்று நீங்களே ஒப்புக்கொண்ட பிறகுதான் இந்த இரண்டும். ஏஜென்சி பெரும்பாலும் வசூலான தொகையில் பங்கு கேட்கும். பாக்கி பழையதாக ஆக ஆக அந்தப் பங்கு ஏறும். கொடுக்க மனமில்லாதவரிடம் வெளியாளின் குரல் வேலை செய்யும். பணமே இல்லாதவரிடம் யார் போனாலும் ஒன்றுதான். அங்கே தவணை முறை பேசி, முதல் தவணையை அன்றே வாங்கிக்கொள்வது மேல்.

வழக்கைப் பொறுத்தவரை மறந்துவிடக் கூடாதது காலவரம்பு. ஒப்பந்தப் பாக்கிக்கு இந்தியாவில் பொதுவாக 3 ஆண்டு, இங்கிலாந்தில் 6 ஆண்டு. அந்த வரம்பு முடிவதற்குள் வாடிக்கையாளர் ‘இவ்வளவு பாக்கி உண்டு’ என்று எழுத்தில் கையெழுத்திட்டுத் தந்தால், இரண்டு இடத்திலும் காலம் புதிதாக எண்ணப்படும். ஆண்டுதோறும் கணக்கு முடிக்கும்போது பாக்கி உறுதிக் கடிதம் வாங்குவதைத் தணிக்கையாளருக்கான சடங்காக நினைக்கிறவர்கள் உண்டு. வழக்கு என்று வந்தால் அந்த ஒரு தாள்தான் வக்கீல் முதலில் கேட்பது. நோட்டீஸ் மட்டும் விட்டுவிட்டு வழக்குத் தொடுக்காமல் இருப்பதும் நல்லதல்ல. இரண்டாவது நோட்டீஸை யாரும் பிரித்துப் படிப்பதில்லை.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

பாக்கிப் பட்டியலில் பாதிக்கு மேல் ‘சிக்கி நிற்கிறது’, ‘தகராறு’ என்று இருந்தால், வெளியே காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். பில்லைத் திருத்தமாகப் போடுவது, கெடுவுக்கு முன் அழைப்பது, தகராறை ஒரு வாரத்தில் தீர்க்க ஒருவரைப் பொறுப்பாக்குவது, இவை முதலில். மறதி அதிகம், வாடிக்கையாளர் எண்ணிக்கையும் அதிகம் என்றால் வரவுப் பதிவைச் சுத்தம் செய்துவிட்டு மென்பொருள் வாங்கலாம். மனமில்லாதவர்கள் என்றால் சரக்கை நிறுத்துங்கள். அதற்கும் அசையாவிட்டால் 90 நாள் தாண்டவிடாமல் ஏஜென்சியிடமோ வக்கீலிடமோ கொடுத்துவிடுங்கள், ஆறு மாதம் காத்திருந்து கொடுப்பது அவர்கள் கையையும் கட்டிவிடும். வாடிக்கையாளர்கள் நல்லவர்கள், கெடுவும் நியாயம், வளர்ச்சிக்குத்தான் பணம் போதவில்லை என்றால் மட்டும் ஃபேக்டரிங்.

இவற்றில் எதுவும் முழுமையாகப் பொருந்தாத ஒரு நிலையும் இருக்கிறது. விற்பனையில் 40 சதவீதம் ஒரே வாடிக்கையாளர். அவர் 90 நாளுக்கு முன் கட்டவே மாட்டார். சரக்கை நிறுத்தினால் நிறுவனம் முதலில் நிற்கும். இவரிடம் நினைவூட்டலும் வட்டியும் எடுபடாது. வேலையைப் பகுதிகளாகப் பிரித்து மாதம் இருமுறை பில் போடுவது, தொடக்கத்தில் முன்பணம் கேட்பது, அவருடைய பில்களை மட்டும் ஃபேக்டரிங்கில் விடுவது என்று சில்லறை நிவாரணங்கள் உண்டு. நிலையான மாற்றம் வேண்டுமென்றால் வசூல் பிரிவை விட்டுவிட்டு, அடுத்த ஒப்பந்தத்தின் விலைப் பேச்சில் உட்கார வேண்டும்: 30 நாளில் கட்டினால் ஒரு விலை, 90 நாள் வேண்டுமென்றால் அந்த 60 நாளின் வட்டியைச் சேர்த்து இன்னொரு விலை.